பரிசலில் இருவர்: ஓய்வுக்காலத் தூண்டிலின் இந்திய வரலாறு

பணி ஓய்வு பெற்றபின் தூண்டிலும் கையுமாக ஏரிக்கும் ஆற்றுக்கும் செல்லும் மனிதர் இன்று இந்திய நகரங்களுக்குப் புதியவர் அல்லர். மும்பையின் போவாய் ஏரியிலும் வங்காளத்தின் கட்டணக் குளங்களிலும் அவரைக் காணலாம். இப்பழக்கத்தை ஆங்கிலேயர் விட்டுச்சென்ற எச்சம் என்று கருதுவோர் உண்டு. ஆதி வேட்டையுணர்வு முதுமையில் மீள்கிறது என்று விளக்குவோரும் உண்டு. இவ்விரு விளக்கங்களும் பொழுதுபோக்கை ஒருவரின் மனச்சாய்வாக மட்டுமே பார்க்கின்றன. வரலாற்று நோக்கில் முதலில் எழ வேண்டிய கேள்வி வேறு. மீன்பிடித்தல் என்னும் ஒரே செயல் ஒருவருக்கு விளையாட்டாகவும் மற்றொருவருக்குப் பிழைப்பாகவும் எவ்வாறு பிரிந்தது? இதை ஆராயப் படகு நல்ல இடம். கரையில் ஒருவர் தனித்து அமர்ந்து தூண்டில் போடலாம். பாறையும் சுழியும் நிறைந்த ஆற்றில் படகிறங்க வேண்டுமானால் இருவர் தேவை: தூண்டில் பிடிப்பவர் ஒருவர், துடுப்புப் போடுபவர் மற்றொருவர். இவ்விருவருக்கும் இடையிலான உறவைப் பின்தொடர்ந்தால் தூண்டில் பொழுதுபோக்கின் இந்திய வரலாறு பெருமளவு தெளிவாகிறது.

சொல்லிலிருந்து தொடங்கலாம். இன்றைய தமிழில் ‘விநோதம்’ என்றால் வியப்புக்குரியது, வழக்கத்துக்கு மாறானது. வடமொழியில் அச்சொல்லுக்கு மனமகிழ் விளையாட்டு, பொழுதுபோக்கு என்பதே முதன்மைப் பொருள். தமிழிலும் முன்பு அப்பொருள் வழங்கியது. சிலப்பதிகார உரையாசிரியர் அடியார்க்குநல்லார் குறிப்பிடும் சாந்திக்கூத்து, விநோதக்கூத்து என்னும் பாகுபாட்டில் விநோதம் வேடிக்கையையும் மகிழ்ச்சியையுமே சுட்டுகிறது. கன்னடத்தில் இச்சொல் இன்றும் வேடிக்கை, களிப்பு என்னும் பொருளிலிருந்து விலகவில்லை. தூண்டில் போடுவதை ‘விநோதம்’ என்று வகைப்படுத்திய புகழ்பெற்ற இடைக்கால நூலொன்றும் கன்னட நாட்டு அரசவையில்தான் பிறந்தது.

கல்யாணியைத் தலைநகராகக் கொண்ட மேலைச் சாளுக்கிய அரசன் மூன்றாம் சோமேசுவரன் 12ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இயற்றியதாக அறியப்படும் வடமொழி நூல் மானசோல்லாசம். இருபது இருபது இயல்களாக ஐந்து பகுதிகள், மொத்தம் நூறு இயல்கள் கொண்ட இக்களஞ்சியம் ஆட்சி, மருத்துவம், சமையல், இசை எனப் பல துறைகளைப் பேசுகிறது. அதன் நான்காம் பகுதி முழுவதும் அரசனின் விநோதங்கள் பற்றியது. யானைப்போர், மற்போர், சேவற்போர், வேட்டை ஆகியவற்றின் வரிசையில் ‘மத்சிய விநோதம்’ என்னும் மீன்தூண்டில் இயலும் இடம்பெறுகிறது. கடல் மீன், ஆற்று மீன் எனவும், செதிலுள்ளது, செதிலற்றது எனவும், உருவில் பெரிது, சிறிது எனவும் ஏறத்தாழ 35 வகைகளை நூல் பிரித்துக் காட்டுகிறது. எந்த மீனுக்கு எவ்வகை இரை இட வேண்டும், தூண்டிலை எவ்வாறு கையாள வேண்டும் என்ற விளக்கங்களும் உண்டு. இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் இயக்குநராக இருந்த சுந்தர் லால் ஹோரா 1951இல் இந்த இயலைத் தனிக்கட்டுரையாக ஆராய்ந்து மீனியல் உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். தூண்டில் விளையாட்டை முழுவதும் ஐரோப்பிய வரவாகக் கருதும் கருத்து இதனால் வலுவிழக்கிறது.

ஆயினும் நூலின் தோற்றச் சூழலை மறந்துவிடலாகாது. எந்த மீன் எந்த இரையை நாடும், எந்த நீரில் எது நிற்கும் என்பவை அரண்மனையில் விளையும் அறிவு அன்று. நீர்த்துறையில் நாள்தோறும் நின்றவர்களிடமிருந்தே அது புலவர்களின் ஏட்டுக்கு வந்திருக்க வேண்டும். ‘தூண்டிற்காரனுக்கு மிதப்பிலே கண்’ என்னும் தமிழ்ப் பழமொழி குறிக்கும் கூர்ந்த கவனம் பசித்தவனின் கவனம். மானசோல்லாசம் அந்தக் கவனத்தின் பயனை எடுத்து அரசனின் மகிழ்ச்சிக்கு உரிய கலையாகத் தொகுத்தது. தூண்டிலைப் பொருத்தவரை ஓய்வும் உழைப்பும் பிரிந்து நிற்பதை எழுத்தில் தெளிவாகக் காணும் முதற்கட்டம் இது எனலாம்.

இதே நிலப்பரப்பில் படகைப் பற்றிய சான்று நான்கு நூற்றாண்டுகளுக்குப் பின் கிடைக்கிறது. 1520ஐ ஒட்டி விசயநகரத்துக்கு வந்த போர்ச்சுகீசியப் பயணி தொமிங்கோ பயஸ், துங்கபத்திரையைக் கடக்க மக்கள் பயன்படுத்திய கூடை போன்ற வட்டப் படகுகளை விவரித்துள்ளார். பின்னிய சட்டத்தின் மேல் தோல் போர்த்திய அந்தப் படகே பரிசல். தமிழில் பரிசல் என்றும் கன்னடத்தில் ஹரிகோலு, தெப்பா என்றும் வழங்கும் இக்கலம் இன்று மூங்கிற் சட்டத்தின் மேல் தார் பூசிய துணியோ, பிளாசுடிக் விரிப்போ கொண்டு செய்யப்படுகிறது. கண்ணாடியிழைப் பரிசல்களும் வந்துவிட்டன. முன்னும் பின்னும் இல்லாத வட்ட வடிவம் என்பதால் துடுப்பின் ஒவ்வோர் இழுப்பிலும் சுழல முயலும். பாறைகளுக்கிடையே அதைத் தன் வசப்படுத்தப் பல ஆண்டுப் பழக்கம் தேவை. ஆள் கடத்துதல், வலை வீசுதல், விறகு ஏற்றுதல் என அன்றாட வாழ்வுக்குரிய கருவியாகவே நூற்றாண்டுகளாக அது இருந்தது. விளையாட்டுத் தூண்டிற்காரர் அதில் வந்து அமர்ந்தது பின்னர்தான்.

அந்த வருகையைப் புரிந்துகொள்ள உதவும் நூல் ஹென்றி சல்லிவன் தாமஸ் எழுதிய ‘தி ராட் இன் இந்தியா’. சென்னை ஆட்சிப்பணியைச் சேர்ந்த தாமஸ் தென் கன்னட மாவட்ட ஆட்சியராக இருந்தவர். 1873இல் முதலில் வெளிவந்த இந்நூல் 1881லும் 1897லும் மறுபதிப்புக் கண்டது. குளத்து மீன்களுக்கென 1887இல் தனி நூலொன்றும் அவர் எழுதினார். இந்தியாவில் பணியேற்கும் ஐரோப்பியருக்கு இந்நாட்டு ஆறுகளின் மீன்களையும் அவற்றைப் பிடிக்கும் முறைகளையும் கற்பிப்பதே இவற்றின் நோக்கம். கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்த பெருமீனாகிய மகசீர், தூண்டிலில் சிக்கியபின் காட்டும் வலிமையில் சால்மனுக்குக் குறைந்ததன்று என்னும் மதிப்பீடு இத்தகைய நூல்கள் வழியே நிலைபெற்றது. கன்னட நாட்டார் ‘பிளி மீனு’, அதாவது வெள்ளை மீன், என்று உணவுக்காகத் தேடிய ஒன்று ஆங்கில நூல்களில் விளையாட்டு மீனாக மறுபிறவி எடுத்தது.

இந்த மாற்றம் சொல்லளவில் நின்றுவிடவில்லை. தாமஸ் 1870இல் தென் கன்னடத்தின் மீன்வளம் குறித்து அரசுக்கு அறிக்கை அளித்தவர். சிறு கண்ணி வலைகளும் மூங்கிற் பொறிகளும் குஞ்சுகளை அழிக்கின்றன என்பது அவர் வாதங்களுள் முக்கியமானது. சென்னைப் படையின் மருத்துவராக இருந்து மீனியலின் பேரறிஞரான பிரான்சிஸ் டே, 1873இல் இந்தியா, பர்மா ஆகியவற்றின் நன்னீர் மீன்வளம் பற்றிய அறிக்கையில் இத்தகைய கவலைகளை நாடளவில் விரித்துரைத்தார். 1897ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டம் நீரில் வெடி வைப்பதையும் நஞ்சு கலப்பதையும் குற்றமாக்கியது. நிலையான பொறிகள், வலையின் கண்ணியளவு, பிடிக்கக் கூடாத பருவம் ஆகியவை குறித்து விதி வகுக்கும் அதிகாரத்தை மாகாண அரசுகளுக்கு அளித்தது. வெடியால் ஒரு மடுவே அழியும் என்பதில் ஐயமில்லை. சட்டத்துக்கு நியாயம் இருந்தது. அதே வேளையில், பொறியும் நச்சுச்செடியும் மலையோரச் சமூகங்கள் பலவற்றின் உணவு தேடும் வழிகள். அவை விதிகளின் கண்காணிப்புக்குள் வந்தன. விளையாட்டுக்குரிய தூண்டிற்கோல் கண்ணியமான கருவியாக நின்றது. ஆற்றைக் காப்பவர் யார், அழிப்பவர் யார் என்னும் பாகுபாடு கருவியின் பெயரால் உறுதிப்பட்டது.

இந்தக் காலனியத் தூண்டிற்காரர் முதுமையில் இதைத் தொடங்கியவர் அல்லர் என்பதும் கவனிக்கத்தக்கது. முகாம்களுக்கிடையேயும் விடுப்பு நாள்களிலும் பணிக்காலத்திலேயே அவர் மீன்பிடித்தார். ஓய்வு பெற்றதும் பலர் கப்பலேறித் தாய்நாடு திரும்பினர். விதிவிலக்காக நின்றவருள் ஒருவர் பிரடெரிக் நிக்கல்சன். 1846இல் பிறந்த அவர், 1904இல் ஆட்சிப்பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் இந்நாட்டிலேயே தங்கி, அடுத்த ஆண்டே சென்னை மாகாண மீன்வள ஆய்வை ஏற்றார். 1907இல் உருவான சென்னை மீன்வளப் பணியகம் அம்முயற்சியின் விளைவு. அறுபதை எட்டும் வயதில் அவர் நீரை நோக்கித் திரும்பியது விளையாட்டுக்காக அன்று. மீன் பதப்படுத்துதல், மீனவர் கடன், கூட்டுறவு ஆகியவையே அவர் கவலைகள். தூண்டில் பிடித்த அதிகாரிகளைப் பற்றி நூல்கள் பல இருக்க, வாழ்வின் பிற்பகுதியை மீனவர் தொழிலுக்கு அளித்த நிக்கல்சன் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

வாழ்வின் பிற்பகுதியில் ஒரு பொழுதுபோக்கைத் தொடங்குவது என்பதற்கு முன்நிபந்தனைகள் இரண்டு: நலத்தோடு கூடிய நீண்ட ஆயுள், உழைக்காமலே வரும் வருவாய். நாடு விடுதலை பெற்ற காலத்தில் இந்தியரின் சராசரி ஆயுள் எதிர்பார்ப்பு சுமார் 32 ஆண்டுகளே. குழந்தை இறப்பு மிகுதி அதற்குப் பெருங்காரணம் எனினும், முதுமை பரவலாக வாய்த்த பருவமாக இருக்கவில்லை. 1922இல் நடைமுறைக்கு வந்த அடிப்படை விதிகளின்படி அரசுப் பணியாளருக்கு ஓய்வு வயது பொதுவாக 55. நடுவண் அரசு அதை 1962இல் 58 ஆகவும் 1998இல் 60 ஆகவும் உயர்த்தியது. ஓய்வூதியமும் மருத்துவ வசதியும் சேர்ந்து, வேலையிலிருந்து விடுபட்டும் உடல் தளராத பத்துப் பதினைந்து ஆண்டுகளை ஒரு சாராருக்கு உருவாக்கின. ஓய்வுக்காலத் தூண்டிற்காரர் பரவலாகத் தோன்றியது இந்த இடைவெளியில்தான். பரிசல் ஓட்டுபவருக்கும் ஆற்று மீனவருக்கும் இத்தகைய ஓய்வு வயதை எந்த விதியும் வகுக்கவில்லை. தோள் ஓயும் நாளே அவருக்கு ஓய்வு நாள். ஒரே பரிசலில் அமரும் இருவரும் ஒரே வயதினராக இருக்கலாம். ஒருவர் பணிக்காலத்தை முடித்துவிட்டு வந்தவர், மற்றவர் பணியில் இருப்பவர்.

இந்தச் சந்திப்பு மிகத் தெளிவாக நிகழ்ந்த இடம் கருநாடகத்தில் சிவனசமுத்திரத்துக்கும் மேகேதாட்டுக்கும் இடைப்பட்ட காவிரி. காவிரியின் துணையாறான கபினியில் 1946இல் மைசூரைச் சேர்ந்த விலங்குப் பதனக் கலைஞர் டி வெட் வான் இங்கன் 120 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 54 கிலோ எடையுள்ள மகசீரைப் பிடித்தார். அதன்பின் இப்பகுதி தூண்டிற்காரர் கனவில் நிலைத்தது. விடுதலைக்குப் பிந்திய பத்தாண்டுகளில் ஆர்வம் குன்றி, வெடி வைத்துப் பிடிப்போர் பெருகினர். 1972இல் பெங்களூரில் தொடங்கிய தென்னிந்திய வனவிலங்குச் சங்கம் ஆற்றின் ஒரு பகுதியைக் குத்தகைக்கு எடுத்துக் காவல் அமைத்தது. பின்னர் மாநில அரசின் சுற்றுலா நிறுவனம் பீமேசுவரி, தொட்டமக்களி, காலிபோரே ஆகிய இடங்களில் முகாம்கள் நடத்தியது. பிடித்த மீனை எடை பார்த்து உயிரோடு ஆற்றில் விட்டுவிடும் முறை அங்கு நெறியாயிற்று. முன்பு வெடியும் வலையும் கொண்டு இரகசியமாக மீன்பிடித்த ஊரார் சிலர் முகாம்களில் வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் வேலை பெற்றனர்.

அவர்களின் வேலை படகு ஓட்டுவதோடு முடியவில்லை. கேழ்வரகு மாவைப் பதமாக வேகவைத்துப் பிசைந்து, நீரில் கரையாத உருண்டையாக்கி முள்ளில் பொதிவது அவர்கள் கைப்பக்குவம். முள் விழுங்கிய மகசீர் நீரோட்டத்தோடு நெடுந்தொலைவு பாய்ந்து பாறையிடுக்கில் நரம்பைச் சிக்கவைக்கும். அப்போது பரிசலை எந்தப் பக்கம் திருப்பினால் சிக்கல் விடும், எந்தச் சுழியை ஒதுக்க வேண்டும் என்பதை நொடியில் முடிவுசெய்பவர் துடுப்புக்காரர். மீனை விடுவிக்கும்போது அது நீந்தும் வலுவடையும்வரை நீரோட்டத்துக்கு எதிர்முகமாகத் தாங்கிப் பிடிப்பவரும் பெரும்பாலும் அவரே. கோல் பிடித்தவர் கற்றுக்கொள்ளும் நிலையில் இருக்க, கூலி பெற்றவர் ஆசிரியர் நிலையில் இருந்தார். மானசோல்லாசக் காலத்தில் ஏட்டுக்குப் பின்னே மறைந்திருந்த உறவு இங்கு கண்முன் நின்றது.

இந்தப் பொழுதுபோக்கு எதிர்பாராத அறிவியற் பயன் ஒன்றையும் தந்தது. காலிபோரே முகாமில் 1998 முதல் 2012 வரை பேணப்பட்ட கணக்கேடுகளைப் பின்னாளில் மீனியலாளர்கள் ஆராய்ந்தனர். 23,620 மணிநேரத் தூண்டிலில் 6,161 மகசீர்கள் பிடித்து விடப்பட்டிருந்தன. பிடிபடும் எண்ணிக்கை ஆண்டுதோறும் உயர்ந்ததையும், சராசரி எடை குறைந்ததையும் எண்கள் காட்டின. இளமீன்கள் பெருகியிருந்தன என்பது இதன் பொருள், காவல் பலனளித்திருந்தது. ஆனால் கணக்கை வகை பிரித்து நோக்கியபோது கவலைக்குரிய உண்மை வெளிப்பட்டது. பெருகியது நீலத் துடுப்புடைய மகசீர். காவிரிக்கே உரிய, முதுகில் கூனல் கொண்ட, ஆரஞ்சுத் துடுப்புடைய மகசீர் மிக அரிதாகிவிட்டிருந்தது.

நீலத்துடுப்பு மகசீர் காவிரிக்கு வந்த கதையில் தூண்டிலுக்கும் பங்குண்டு. 1839இல் கர்னல் சைக்ஸ் புனேக்கு அருகில், கிருட்டிணைப் படுகையைச் சேர்ந்த ஆற்றிலிருந்து விவரித்த இனம் அது. மகாராட்டிரத்தின் லோனாவாலாவில் டாடா மின் நிறுவனத்தின் மீன்பண்ணை அதைச் செயற்கை முறையில் இனப்பெருக்கம் செய்வதில் முன்னோடி வெற்றி கண்டது. மகசீர் அருகிவருகிறது என்னும் நன்னோக்கிலும் தூண்டிலுக்கு மீன் பெருக வேண்டும் என்னும் விருப்பத்திலும் அதன் குஞ்சுகள் பல ஆறுகளில் விடப்பட்டன. காவிரியும் அவற்றுள் ஒன்று. மகசீர் என்ற ஒற்றைப் பெயர் வேறுபட்ட இனங்களை ஒன்றெனக் காட்டியது. பெயரில் நேர்ந்த மயக்கம் ஆற்றில் சூழலியல் விளைவாயிற்று.

கூனல் மகசீருக்கு உறுதியான அறிவியற்பெயர் கிடைத்தது 2018இல்தான். தூண்டிற்காரர் ஒன்றரை நூற்றாண்டாக அறிந்திருந்த அம்மீன், கேரளத்தின் பாம்பாற்றிலிருந்து 2007இல் விவரிக்கப்பட்ட ‘டோர் ரேமாதேவி’ இனமே என்று அவ்வாண்டு வெளியான ஆய்வு நிறுவியது. இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் மீனியல் அறிஞர் ரேமா தேவியின் நினைவாக இடப்பட்ட பெயர் அது. பாம்பாறு தமிழ்நாட்டில் அமராவதியாகிக் காவிரியில் கலப்பது என்பதால் இந்த உறவு நிலவியலோடும் பொருந்துகிறது. அதே ஆண்டில் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதை மிக அருகிய இனமாக அறிவித்தது. பெயர் இல்லாத மீனுக்குப் பாதுகாப்பு இல்லை. பெயர் வந்தபோது மீன் ஏறக்குறைய இல்லை.

இதற்குள் தூண்டிலும் நின்றுவிட்டது. காவிரி வனவிலங்கு உய்விடத்துக்குள் விளையாட்டு மீன்பிடிப்பு வேட்டைக்கு ஒப்பானது என்னும் சட்டவிளக்கம் வலுப்பெற்று, காலிபோரேயின் கணக்கேடு 2012ஓடு முடிவுற்றது. தடையை ஆதரிப்போரின் வாதம் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று: காட்டில் மானுக்கு உள்ள உரிமை ஆற்றில் மீனுக்கு ஏன் இல்லை? முள்ளில் சிக்கி விடுவிக்கப்படுவதும் துன்பமே. எதிர்த்தரப்பின் வாதமும் கனமானது: கோல் பிடித்தவர் வெளியேறியதும் காவலும் கணக்கும் வெளியேறின, வெடி வைப்பவர் திரும்பிவரும் வழி திறந்தது. வழிபாட்டின் பெயரால் மகசீர் காக்கப்படும் துங்கைக்கரைச் சிருங்கேரி போன்ற துறைகள், தூண்டில் இன்றியும் மீன் காக்கலாம் என்பதற்குச் சான்று. ஆயினும் அத்தகைய துறைகள் சில நூறு அடிகளே. ஆறோ நூற்றுக்கணக்கான கிலோமீட்டர்.

இந்த விவாதத்தில் தூண்டிற்காரரின் குரலும் வனத்துறையின் குரலும் மீனியலாளரின் குரலும் கேட்டன. துடுப்புக்காரரின் குரல் மிகக் குறைவாகவே கேட்டது. தடையால் ஓய்வு பெற்ற ஒருவர் இழந்தது ஒரு பொழுதுபோக்கை. அவருக்கு வேறு ஏரியும் வேறு விருப்பமும் கிடைக்கும். மறுமுனையில் அமர்ந்தவர் இழந்தது மாத வருவாயை. அத்தோடு, முதன்முறையாக மதிப்புப் பெற்ற தம் அறிவுக்குரிய இடத்தையும். எந்த மடுவில் கூனல் மகசீர் கடைசியாகக் காணப்பட்டது என்பதைச் சொல்லக்கூடியவர்களுள் பலர் அவர் தலைமுறையினர். அந்த நினைவுகள் முறையாகத் தொகுக்கப்படாமல் போனால், 6,161 மீன்களின் கணக்கு தரும் வரலாறும் பாதியே.

அறுபதில் ஒருவர் தூண்டில் எடுப்பதில் இகழத்தக்கது எதுவுமில்லை. நீண்ட பணிவாழ்வுக்குப்பின் ஒரு நீர்நிலையைக் கவனிக்கக் கற்பது முதுமைக்கு அழகு சேர்ப்பது. அவர் மிதப்பின் மேல் வைக்கும் கண்ணே ஒரு காலத்தில் ஆற்றின் மாற்றத்தைப் பதிவு செய்யவும் உதவியது. வரலாறு அவரிடம் கோருவது அந்த ஓய்வு எங்கிருந்து வந்தது என்னும் அறிவையும், அறிவைத் தந்தவர் யார் என்னும் நன்றியையும் மட்டுமே. காவிரியிலோ வேறோர் ஆற்றிலோ இத்தகைய கணக்கேடு மீண்டும் தொடங்குமானால், மீனின் இனம், எடை, பிடிபட்ட இடம் ஆகியவற்றுக்கு அருகில், பரிசல் செலுத்தியவரின் பெயருக்கும் ஒரு கட்டம் வரையப்பட வேண்டும்.